மணற்காட்டிற்கு ஒரு பழைய வண்டி

ஜோத்பூரில் குடியேறிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆன பின்னும் நாங்கள் பாலைவனத்தைப் பார்த்ததில்லை என்றால் அன்பர்கள் சிரிப்பார்கள். ஊரைச் சுற்றிலும் இருப்பது பாலைவனந்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் ரயில் சன்னல் வழியாகப் பார்ப்பதும், தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் அவர்களை ஒட்டகத்தின்மேல் ஏற்றி இறக்குவதற்காக ஒசியான் வரையில் போய் வருவதும் பார்த்தல் ஆகா. கன்னியாகுமரிக்குப் போய்ச் சங்குமாலை வாங்கிக்கொண்டு திரும்பியவர் கடலை அறிந்ததாகச் சொல்லிக்கொள்வது போன்றது அது.

இந்தக் குறையை முதலில் எடுத்துச் சொன்னவர் ஆச்சி. ஆச்சி உடன்குடிப் பக்கத்தவர். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் தேரி என்று ஒரு செம்மணற்காடு இருப்பதை அப்பகுதி அன்பர்கள் அறிவார்கள். பனையும் முந்திரியும் நிற்கும் மேடுகள் அவை. காற்று அடிக்கும் பக்கமாக மணல் நகரும். அந்தத் தேரியில் நடந்து வளர்ந்தவர், எழுபது வயதைக் கடந்தபின் ஜோத்பூரில் மூன்றாம் மாடி வீட்டில் எங்களோடு பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்துவந்தார். "பாலைவனத்துப் பக்கத்துல இருக்கோம்னு ஊருக்கெல்லாம் சொல்லுதிய. ஒருநாளாவது மணலைக் காட்டுனியளா?" என்று 2021-ஆம் ஆண்டு வேனிலில் ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

மணலுக்குள் போகவேண்டுமானால், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை பாயும் வண்டி வேண்டும். புதிய வண்டி வாங்க எங்கள் வருவாய் இடங்கொடாது. பழைய வண்டிகளில் மூன்றைப்பற்றி விசாரித்தோம். ஜோங்கா என்று ஒன்று உண்டு. ஜபல்பூர் வண்டித் தொழிற்சாலையில் இராணுவத்திற்காகச் செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அது குடிக்கும் பெட்ரோலுக்கு ஒரு குடும்பத்தின் சம்பளம் போதாது. மஹீந்திரா நிறுவனத்தார் 1940-களின் இறுதியில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகள் இரண்டாவது. உழைப்பில் அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ஆச்சியின் முதுகு அதற்கு உடன்படாது என்று கருதினோம். மூன்றாவது மாருதி ஜிப்ஸி. 1985-இல் வந்தது, 1996-இல் 1,298 சி.சி. எஞ்சின் பெற்றது. வெறும் வண்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன். மணலில் எடை குறைந்த வண்டிக்கே மதிப்பு. இராணுவத்தார் பல்லாயிரக்கணக்கில் வைத்திருந்தமையால், அவர்கள் கழித்த வண்டிகளின் உறுப்புகள் ஜோத்பூர்க் கபாடிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஜிப்ஸியையே தேடினோம்.

1998-ஆம் ஆண்டு ஜிப்ஸி ஒன்று, பார்மேர் பக்கத்துச் சுரங்கக் குத்தகைக்காரர் ஒருவரிடம் கிடைத்தது. ஒரு லட்சத்துப் பதினையாயிரம் ரூபாய். முன்புறம் காட்டெருமையின் கொம்பு போன்ற காப்புக் கம்பி, கூரைமேல் இரும்புச் சட்டம், நான்கு பெரிய விளக்குகள் எல்லாம் அதில் முன்னரே பொருத்தப்பட்டிருந்தன. விலைக்கு மேலாக இத்தனை கிடைக்கின்றனவே என்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி எவ்வளவு அறியாமை என்பது பின்னால் தெரியவரும்.

வண்டியை எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளியிருக்கும் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். பட்டறைக்காரரை எல்லாரும் உஸ்தாத் என்பார்கள். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். அறுபது வயதிருக்கும். அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. கையில் ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அடிச்சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டித் தட்டிக் கேட்டார். மணி போல ஒலித்தால் இரும்பு நல்லது. மண்கலம் போல ஒலித்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது என்று பொருளாம். வறண்ட நாட்டில் உழைத்த வண்டியாதலால் சட்டம் முழுதும் மணியாகவே ஒலித்தது. அதன்பிறகு காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றி, அதற்கும் கார்புரேட்டருக்கும் இடையில் உள்ள குழாயின் உட்புறத்தில் சுட்டுவிரலைவிட்டுத் தடவி வெளியில் எடுத்துக் காட்டினார். விரலில் மெல்லிய பழுப்புத்தூள் படிந்திருந்தது.

"இதுதான் இவ்வண்டியின் நோய்," என்றார்.

வடிகட்டியைக் கடந்தபின் அந்தக் குழாயில் தூசி இருக்கக் கூடாது. வடிகட்டிப் பெட்டியின் ரப்பர் வளையம் கெட்டுப்போய், ஆண்டுக்கணக்காகப் பாலைவனத்தின் பொடிமணல் காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போயிருக்கிறது. மணல் என்பது நொறுங்கிய கல். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் அது அரம் போல வேலை செய்யும். எஞ்சினைப் பிரித்தபோது சிலிண்டர்கள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. அவற்றைக் கடைந்து பெரிதாக்கி, அளவுக்கேற்ற புதிய பிஸ்டன்களும் வளையங்களும் பூட்டவேண்டியதாயிற்று. சில ரூபாய் ரப்பர் வளையம் ஒன்றை மாற்றாததற்காக நாங்கள் கொடுத்த அபராதம் இருபத்தாறாயிரம் ரூபாய்.

முன் சக்கரங்களைத் திருப்பும் மூட்டுகளிலும் இதே கதைதான். அங்குள்ள எண்ணெய்த் தடைகள் கிழிந்து, கிரீஸும் மணலும் கலந்து அம்மியில் அரைத்த மிளகாய்போல் ஆகியிருந்தன. இருக்கைகளையும் தரைவிரிப்பையும் எடுத்துவிட்டுப் பெருக்கினோம். கதவுகளின் உட்புறப் பொந்துகளிலிருந்தும் சேர்த்து ஐந்து படி மணல் வந்தது. அதை ஆச்சி ஒரு வாளியில் வாங்கி வைத்துக்கொண்டு, பல நாள் ஆராய்ச்சிக்குப்பின், "இது தேரி மணல் இல்லை, இதுல சிவப்பு இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

வேலை பதினான்கு மாதங்கள் நடந்தது. ஞாயிறுதோறும் பட்டறைக்குப் போவோம். எங்கள் மகள் அப்போது பள்ளியில் இயற்பியல் படித்துவந்தாள். விசை எவ்வாறு பின்சக்கரங்களுக்கும், நெம்புகோலைத் தள்ளியதும் முன்சக்கரங்களுக்கும் செல்கிறது என்பதை உஸ்தாத் அவளுக்குச் சாக்குக்கட்டியால் தரையில் வரைந்து காட்டுவார். இவ்வண்டியில் நெம்புகோலைத் தள்ளினால் மட்டும் போதாது. முதலில் இறங்கி, முன்சக்கரங்களின் நடுவில் உள்ள குமிழ்களைக் கையால் திருகிப் பூட்டவேண்டும். தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடவே கூடாது. திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளவேண்டும். மணலில் அவ்வேறுபாட்டை வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமின்றிப் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். எங்கள் ஊர் இளைஞர்கள் பலர் பகட்டுக்காகத் தாரிலேயே அதைப் போட்டு ஓட்டிக் கியர்ப்பெட்டியை உடைத்துக்கொண்டு உஸ்தாதைத் தேடி வருவதை அந்தப் பதினான்கு மாதங்களில் கண்டோம்.

வண்டி ஓடத் தொடங்கியதும் அதை அலங்கரிக்கும் ஆசை எங்களைப் பற்றிக்கொண்டது. பாலைவனத்தில் எதுவும் கிடைக்காது, ஆகவே எல்லாவற்றையும் கொண்டுபோகவேண்டும் என்பது எங்கள் தருக்கம். கூரைச் சட்டத்தின்மேல் இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் இரண்டில் தண்ணீர், கூடாரம், மடக்கு மேசை, ஐந்து மடக்கு நாற்காலிகள். பின்புறத்தில் இருபது லிட்டர் பெட்ரோல் தகரக்கலம். உள்ளே இன்னொரு கேன் தண்ணீர், இரண்டாவது பாட்டரி, கம்பளிகள், எரிவாயு அடுப்பு, குக்கர், ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, இவற்றோடு இட்லிக் கொப்பரையும். இட்லிக் கொப்பரையை யார் எடுத்துவைத்தார்கள் என்பது இன்றளவும் எங்கள் வீட்டில் வழக்காகவே இருக்கிறது. வண்டியின் பின்பகுதி தாழ்ந்துவிட்டதைக் கண்டு ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டிப் போட்டுத் தரும்படி கேட்டோம். உஸ்தாத் எங்களை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போட்டுக் கொடுத்தார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்டிருக்கமாட்டோம்.

2022 டிசம்பர் 24, சனிக்கிழமை. விடியுமுன் புறப்பட்டோம். அகோலாய், பாலேசர் வழியாகப் பொக்ரான் போகும் சாலை அது. பாலேசரைச் சுற்றிச் செங்கல் நிறக் கற்சுரங்கங்கள். அவற்றைத் தாண்டியதும் நிலம் மெல்ல மெல்லத் தன் பச்சையை உதறிவிடுகிறது. எருக்கு மட்டும் எங்கும் நிற்கிறது. தேச்சு என்னும் ஊர் ஜோத்பூரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அதற்கப்பால் சாலையைவிட்டு விலகி, நண்பர் ஒருவர் சொல்லியிருந்த ஒரு கிராமத்தில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, மண்தடத்தில் மணல்மேடுகளை நோக்கிச் சென்றோம். தேசியப் பூங்காவிலோ எல்லைப்புறத்திலோ அனுமதியின்றி நுழையக் கூடாது. ஊர் நிலத்தில் ஊராரைக் கேட்காமல் தங்கக் கூடாது. இவ்விரண்டை மட்டும் அன்று சரியாகச் செய்தோம்.

மணலில் ஓட்டுமுன் டயர்களில் காற்றைக் குறைக்கவேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஒட்டகத்தின் பாதம் போலப் பரந்து, மணலைக் கிழிக்காமல் அதன்மேல் மிதக்கும். சாலையில் 26 அளவு வைத்தால் மணலில் 14 அல்லது 15. நாங்கள் 20-க்கு மேல் குறைக்கத் துணியவில்லை. எங்களுடையவை டியூப் உள்ள டயர்கள். மிகவும் இறக்கினால் டயர் சக்கரத்தின்மேல் வழுகி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னது உண்மை. அதற்கு மாற்று, சுமையைக் குறைப்பது. அது எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

நடுப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, மூன்றாவது மேட்டின் அடியில் வண்டி நின்றுவிட்டது. நின்றதும் விசையைக் கூட்டினோம். செய்யத் தகாத செயல்களுள் முதலாவது அது. சக்கரங்கள் நான்கும் தம் குழியைத் தாமே தோண்டிக்கொண்டு இறங்கின. வண்டியின் வயிறு மணலில் படிந்தது. ஜாக்கியை வைத்து உயர்த்த முயன்றோம். வண்டி உயரவில்லை, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கியது. அதற்கு அடியில் வைக்க ஒரு பலகை வேண்டும் என்பது அப்போதுதான் தோன்றியது. ஐந்து நாற்காலிகள் கொண்டுவந்தோம், ஒரு பலகை கொண்டுவரவில்லை. கைப்பேசியில் தொடர்பு இல்லை. சாலை ஒன்பது கிலோமீட்டர் பின்னால்.

இரண்டு மணி நேரம் தோண்டிய பிறகு தண்ணீருக்காகக் கூரைமேல் ஏறிப் பார்த்தபோதுதான் உண்மையான இடர் தெரிந்தது. இரும்புச் சட்டத்தின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து ஒரு கேன் துளைபட்டுக் காலியாகியிருந்தது. மற்றொன்று மூடி தளர்ந்து சாய்ந்து கிடந்தது; அடியில் இரண்டு லிட்டர் இருக்கலாம். உள்ளே இருந்த கேனைக் கை கால் கழுவவும் ரேடியேட்டருக்கு ஊற்றவும் தாராளமாகச் செலவிட்டிருந்தோம். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஆறு லிட்டர். ஐந்து பேர்.

மார்கழி மாதம், வெயில் கொல்லாது. 2016 மே 19 அன்று இதே வட்டாரத்துப் பலோடியில் 51 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய நாளில் இப்படி நின்றிருந்தால் இதை எழுத நாங்கள் இருந்திருக்கமாட்டோம். எங்களுக்கு நாளிதழில் வருமளவுக்கு ஒன்றும் நேரவில்லை. எங்களுள் ஒருவர் சாலைக்கு நடப்பதா, விடியும்வரை எல்லாரும் இருப்பதா என்று பேசிக்கொண்டே ஆளுக்கு ஒரு தம்ளர் என்று அளந்து குடித்தோம். நான்கரை மணி அளவில் ஆச்சி எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. கண் இருட்டுகிறது என்றார். உதடு வெடித்திருந்தது. அப்போதுதான் மகன் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். நண்பகலிலிருந்து ஆச்சி தம் பங்குத் தண்ணீர் முழுவதையும் அவனுக்கே கொடுத்துவந்திருக்கிறார். சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார். இரத்த அழுத்த மாத்திரையை வெறும் வாயில் விழுங்கியிருக்கிறார்.

மிஞ்சிய நீரை அவருக்குக் கொடுத்தோம். அதற்குமேல் என்ன செய்வதென்று அறியாமல் நின்றபோது ஆடுகளின் கழுத்துமணி கேட்டது. சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு முதியவர், அவருக்குப் பின்னால் நூறு ஆடுகள், ஓர் ஒட்டகம்.

"ராம் ராம் ஸா," என்றார். வண்டியைப் பார்க்கவில்லை. ஆச்சியைப் பார்த்தார். ஒட்டகத்தின்மேல் தொங்கிய துணி சுற்றிய குப்பியை அவிழ்த்து மகளிடம் கொடுத்து, "மாஜிக்குச் சிறிது சிறிதாகக் கொடு" என்றார். பிறகு எங்களுள் இருவரை அழைத்துக்கொண்டு மேட்டின் மறுபுறம் நடந்தார். கூப்பிடு தூரத்தில் ஒரு டாங்கா இருந்தது. எங்கள் கண்ணில் படாமல் நானூறு கஜத்துக்குள் நீர்!

டாங்கா என்பது மழைநீருக்காக நிலத்துக்குள் கட்டிய வட்டமான தொட்டி. மேலே மூடியிருக்கும், சிறு வாய் மட்டும் உண்டு. சுற்றிலும் நிலத்தைத் தட்டிக் கெட்டியாக்கி, தொட்டியை நோக்கிச் சரிவாக வைத்திருப்பார்கள். அந்தச் சரிவுக்கு ஆகோர் என்று பெயர். ஆண்டுக்கு ஒருசில முறை பெய்யும் மழை அதன்மேல் ஓடிவந்து தொட்டியில் விழும். நாங்கள் ஆகோரில் கால் வைக்கப் போனோம். முதியவர் தடுத்து, செருப்பைக் கழற்றச் சொன்னார். குடிக்கும் நீர் அதன்மேல்தான் நடந்து வருகிறது என்றார். பழைய லாரி டியூபில் தைத்த வாளியை ஆட்டுமயிர்க் கயிற்றில் கட்டி இறக்கினார். நீர் கலங்கலாக இருந்தது. அதைப் போல் இனிய நீரைத் தாமிரபரணியிலும் நாங்கள் குடித்ததில்லை.

திரும்பி வந்ததும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அவர் வண்டி ஓட்டுபவர் அல்லர். ஆனால் சொன்னது இது: "மணலில் உட்கார்ந்துவிட்ட ஒட்டகத்தை அடிக்கமாட்டோம். சுமையை இறக்குவோம். இறக்குங்கள்."

இறக்கினோம். மேசை, நாற்காலி, பாட்டரி, பெட்ரோல், கொப்பரை எல்லாம் மணலில் கடைபரப்பின. கூரைச் சட்டத்தையும் ஸ்பானர் கொண்டு கழற்றினோம். டயர்களை 14-க்கு இறக்கினோம். சக்கரங்களின் முன்பு மணலைச் சரிவாக வாரிவிட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக விட்டபோது, பகல் முழுதும் அசையாத வண்டி பெருமூச்சு விட்டதுபோல ஏறி வந்துவிட்டது. இறக்கிய சாமான்களை ஒட்டகத்தின்மேல் நான்கு நடையாகக் கெட்டி நிலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார் அப்பெரியவர். பணம் நீட்டினோம், கையை உதறிவிட்டார். ஆச்சி தம் பையிலிருந்து ஓர் உடன்குடிக் கருப்பட்டியை எடுத்துக் கொடுத்தார். அதை மோந்து பார்த்து, ஒரு துண்டு கடித்து, எதன் வெல்லம் என்று கேட்டார். பனை என்னும் மரத்தை அவருக்கு விளக்குவதற்குள் இருட்டிவிட்டது. அவருடைய வேலியோரத்திலேயே அன்றிரவு தங்கி, மறுநாள் ஊர் திரும்பினோம்.

திரும்பிய வாரத்தில், கொண்டுபோன எல்லாவற்றையும் அப்படியே மீண்டும் ஏற்றி, நாங்களும் ஏறிக்கொண்டு, தரம்காட்டா எனப்படும் எடைமேடைக்குச் சென்றோம். லாரிகளுக்கு நடுவில் எங்களைக் கண்டு சிரித்தார்கள். 1,720 கிலோ! சுமக்கத் தக்க 500 கிலோவைவிட ஏறக்குறைய 180 கிலோ மிகுதி. கூரைச் சட்டம் மட்டும் 52 கிலோ. காட்டெருமைக் கம்பி 38.

கம்பியைக் கழற்றுவதற்குச் சட்டமும் துணைசெய்தது. இத்தகைய கம்பிகள் கூடாதென 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தயாரிப்பாளர் செய்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்யலாகாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கவேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக உயர்ந்திருந்தது. எங்கள் முறை 2023-இல் வந்தது. கம்பி, பெரிய விளக்குகள், கூட்டிய ஸ்பிரிங் பட்டை எல்லாம் போய், தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். உஸ்தாத் அந்தப் பட்டையைக் கழற்றும்போது புன்னகை செய்தார், கூலி வாங்கவில்லை.

பழைய பிரயாணிகளைப்பற்றி அக்காலத்தில் தேடிப் படித்தோம். பாக்னோல்ட் என்னும் ஆங்கிலப் படைப் பொறியாளர் 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் ஆயிரக்கணக்கான மைல் போனவர். டயரில் காற்றைக் குறைத்தார். சிக்கிய சக்கரத்தின் முன்பு போட இரும்புத் தகட்டுப் பாதைகளைக் கொண்டுபோனார். ரேடியேட்டர் கொதித்து வெளிவிடும் ஆவியைக் குழாய்வழியே ஒரு கலத்தில் பிடித்துக் குளிரச்செய்து மீண்டும் நீராக்கிக்கொண்டார். அவர் 1940-இல் அமைத்த நெடுந்தொலைப் படைக்குழுவினர் தம் லாரிகளின் கதவையும் கூரையையும் முன்கண்ணாடியையும் கழற்றி எறிந்துவிட்டுத்தான் புறப்பட்டார்களாம். அக்குழுவில் இந்தியப் படைவீரர்களின் பிரிவும் ஒன்று இருந்தது. அதே போரில் ஜெர்மானியர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டதுதான் நாங்கள் சுமந்து திரிந்த பெட்ரோல் தகரக்கலத்தின் வடிவம். நல்ல கலந்தான். ஆனால் எங்கள் வண்டியின் தொட்டி 40 லிட்டர் கொள்ளும். தேச்சுவுக்குப் போய்த் திரும்ப அதுவே மிகுதி. கலத்தை மொட்டைமாடியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறோம்.

2024 பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தது. ஆச்சி வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். அவர்தான் முதலில் பையைக் கட்டினார். இம்முறை சங்கத்து நண்பர் ஒருவரின் ஜீப்பும் உடன் வந்தது. ஒற்றை வண்டியாக மணலுக்குள் போவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். தண்ணீரை ஆறு பத்து லிட்டர்க் கேன்களாகப் பிரித்து, சாக்குச் சுற்றி, வண்டியின் தரையில் வைத்துக் கட்டினோம். ஒன்று ஒழுகினால் பத்தோடு போகும். இதற்கு மேலாக ஆளுக்கு ஒரு புட்டி, அதன்மேல் பெயர். இரவு படுக்குமுன் அவரவர் புட்டியைக் காலிசெய்து காட்டவேண்டும் என்பது மகளின் சட்டம். அது யாருக்காக இயற்றப்பட்டது என்பதை ஆச்சியும் அறிவார். ஒன்றரைச் சாண் பலகைகள் இரண்டு, குட்டை மண்வெட்டி, கையளவு காற்றுப் பம்பு, கம்பளிகள், சிறு எரிவாயு அடுப்பு, ஒரே ஒரு பாத்திரம். எடைமேடையில் 1,470.

காலையில் மணல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். வெயில் ஏற ஏற இளகும். இது புத்தகத்தில் உள்ள செய்தி. "தேரியில விடியக்காலம்தான் நடக்கணும், உச்சிக்கு ஆனா காலை வாங்கும்" என்று ஆச்சி அதை வேறு விதமாகச் சொன்னார். அவர் சொற்படி ஒன்பது மணிக்குள் மேடுகளைக் கடந்துவிட்டோம். காற்று வரும் பக்கத்துச் சரிவு சாய்வாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. மறுபக்கம் செங்குத்து, பொலபொலவென்று சரிகிறது. பிரேக்கை மிதிக்காமல், இறக்கத்தைப் பார்த்து வண்டியைத் தானே நிற்கவிடவேண்டும். ஒரே ஒரு முறை சக்கரம் புதைந்தது. இறங்கினோம், காற்றை இறக்கினோம், வாரிவிட்டோம், ஏறினோம். பத்து நிமிடம்.

ஒரு கேஜ்டி மரத்தருகே கூடாரம் அடித்தோம். ராஜஸ்தானத்தார் தெய்வமாகப் போற்றும் மரம் அது. 1730-இல் ஜோத்பூருக்கு அருகில் அம்மரங்களை வெட்டவிடாமல் கட்டிக்கொண்டு 363 பிஷ்னோயிகள் உயிர்விட்டார்கள். ஆச்சி கிளையை வளைத்து இலையைப் பார்த்துவிட்டு, "இது நம்ம வன்னியில்லா!" என்றார். ஆம், விருத்தாசலத்தில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான். இத்தனை ஆண்டு இவ்வூர்ச் சந்தையில் அதன் காயை வாங்கிச் சமைத்தும், நாங்கள் அறியாமற் போனோம். மரத்தின் ஒரு சுள்ளியையும் ஒடிக்காமல் அடுப்பில்தான் பொங்கல் பொங்கியது. சூரியன் மணல்விளிம்பில் தலைகாட்டியபோது ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, யாருடைய கையையும் பிடியாமல் மேட்டின் உச்சிவரை ஏறிப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். "இதுல சிவப்புதான் இல்லை," என்றார்.

ஆட்டுக்காரப் பெரியவரைத் தேடி அன்று மாலை அந்த வேலிக்குப் போனோம். ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே போயிருப்பதாகவும், மழைக்குப் பிறகுதான் வருவார் என்றும் அவர் மருமகள் சொன்னாள். கருப்பட்டிப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தோம். முதற்பயணத்தில் அவருடைய ஆட்டுமயிர்க் கயிறு எங்கள் சாமான்களோடு கலந்து வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அதையும் கொடுக்கப் போனோம். அவள் வாங்கவில்லை. கயிறு அவருடையது, அவர் கையில்தான் கொடுக்கவேண்டும் என்றாள். அது இப்போதும் வண்டியில் பலகைகளுக்கு மேல் சுருட்டிக் கிடக்கிறது.